வயோமிங்குக்குக் குடிபோகும் மருத்துவர் குடும்பத்துக்கு: கோட் பிறகு வாங்கலாம், முதலில் சாலையைப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. கணவர் நியூ ஜெர்சியில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனை மேற்பயிற்சி, முடிக்கிறார். ஜே-1 விசா என்பதால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாடு திரும்பவேண்டும். மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்தால் அதைத் தள்ளுபடி செய்யும் கான்ராட் 30 வெய்வரில் வயோமிங்கில் வேலை எடுத்திருக்கிறார், மூன்று வருட ஒப்பந்தம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டாவதைப் பற்றியும் யோசனை இருக்கிறது. ஜூலையில் போய்ச் சேரவேண்டும். எந்தக் கோட், எந்தக் கார், தனிமையை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோட்டை இப்போதே வாங்காதீர்கள். அங்கே பண்ணைக்காரர்களுக்கும் எண்ணெய் வயல் தொழிலாளர்களுக்கும் விற்கிற கடைகளில் கிடைப்பது, நகரத்து மாலில் இரண்டு மடங்கு விலைக்கு விற்பதைவிட நன்றாக இருக்கும். தடிமனைவிட, காற்றை உள்ளே விடாத துணியா என்று பாருங்கள். இதோடு கோட் பேச்சு முடிந்தது.

நான் வயோமிங்கின் லாரமி நகரத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, பாதியில் கிளம்பிப் போனவர்களைக் கிளப்பியது தூரம்தான். 2020 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 5,76,851 பேர். சராசரி பார்த்தால் ஒரு சதுர மைலுக்கு ஆறு பேர்கூட இல்லை. தலைநகரான ஷயானில் சுமார் 65 ஆயிரம் பேர், அதுதான் இருப்பதிலேயே பெரிய ஊர். அடுத்தது கேஸ்பர், 59 ஆயிரம். அதற்கப்புறம் எண்ணிக்கை சரசரவென்று இறங்கிவிடும். இதன் பொருள் என்னவென்றால், உங்கள் வாழ்க்கையில் முக்கியமான பல விஷயங்கள் அடுத்த ஊரில் இருக்கும். அடுத்த ஊருக்குச் சாலை திறந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் அது திறந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் எந்த முடிவையும் எடுக்கும் முன் "இன்று சாலை மூடியிருந்தால் இது நடக்குமா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

மாநிலத்தின் தெற்கே கிழக்கு மேற்காகப் போகும் ஐ-80 நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே சுமார் 100 மைல். பழைய நெடுஞ்சாலை 30 வடக்கே மெடிசின் போ வழியாகச் சுற்றிப் போனது. புதிய சாலை போட வந்தவர்கள் தூரத்தைக் குறைக்க எல்க் மவுண்டன் அடிவாரத்தை ஒட்டிக் கோடு கிழித்தார்கள். அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் அப்போதே எச்சரித்தார்கள். 1970 அக்டோபரில் திறந்தார்கள், சில நாட்களிலேயே பனிக்காற்றில் மூடவேண்டி வந்தது. அதன்பிறகுதான் சாலையோரம் நீங்கள் பார்க்கப்போகிற உயரமான மரப் பனிவேலிகள் வந்தன. வேலிகள் நிறைய உதவுகின்றன. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தத் துண்டு பலமுறை மூடப்படுகிறது.

மூடக் காரணம் பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனிகூட இல்லை. முந்தைய நாள் விழுந்து தரையில் கிடப்பதைக் காற்று கிளப்பி விடும். இங்கே கிரவுண்ட் பிளிஸர்ட் என்பார்கள். மேலே பார்த்தால் நீல வானம், நல்ல வெயில். முன்னால் போகிற லாரியின் மேல்பாதி தெரியும், சக்கரங்கள் தெரியாது. அடுத்த நொடி லாரியே தெரியாது. நியூ ஜெர்சியில் பனியில் ஓட்டிய பழக்கம் இதற்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் மரமும் வீடும் இருந்து காற்றைத் தடுக்கும்.

போனில் 'வயோமிங் 511' செயலியை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையுடையது. சாலையோரக் கேமராப் படங்களும் காற்றின் வேகமும் அதில் கிடைக்கும். அதில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். 'ரோலிங் குளோஷர்' என்றால் உங்களுக்கு முன்னால் உள்ள ஊரில் லாரி நிறுத்தவும் ஆட்கள் தங்கவும் இடம் நிரம்பிவிட்டது, அதனால் உங்களை இந்த ஊரிலேயே நிறுத்துகிறார்கள் என்று பொருள். 'லைட், ஹை-புரொஃபைல்' என்றால் எடை குறைந்த, உயரமான வண்டிகளுக்கு மட்டும் தடை. வீட்டுச் சாமான் ஏற்ற வாடகைக்கு எடுக்கும் பெட்டி லாரி இதில்தான் வரும். வீட்லண்ட் அருகே ஐ-25-இல் காலி டிரெய்லர்கள் காற்றில் கவிழ்ந்து கிடப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சாலை மூடியிருக்கும்போது மேப் செயலி "மாற்று வழி இருக்கிறது" என்று ஒரு மண் சாலையைக் காட்டும். போகவே போகாதீர்கள். அந்தச் சாலையில் பனி அள்ளும் வண்டி வராது, போன் சிக்னலும் இருக்காது. மூடிய நெடுஞ்சாலையில் தடுப்பைத் தாண்டிப் போனால் 750 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. விசாவில் இருப்பவருக்கு அந்த வம்பு வேறு எதற்கு?

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய விஷயம்: பிரசவம்.

உங்கள் கணவர் சேரப்போவது 'கிரிட்டிகல் ஆக்சஸ்' வகை, அதாவது கிராமப்புறத்துக்கான சிறிய மருத்துவமனையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் அதிகபட்சம் 25 படுக்கைகள்தான். மருத்துவமனை இருக்கிறது என்பதால் அங்கே பிரசவம் பார்ப்பார்கள் என்று இல்லை. ராலின்ஸில் 2022-இல் பிரசவப் பிரிவை மூடினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் கிழக்கே வந்தால் லாரமி, நான் மேலே சொன்ன அதே 100 மைல் சாலை. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாயிற்று என்றாலும் மருத்துவமனையிடம் நேராகக் கேளுங்கள்: பிரசவப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து கொடுப்பவர் இரவிலும் இருக்கிறாரா, இல்லையென்றால் இங்குள்ள பெண்கள் எங்கே போகிறார்கள்? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தேதி விழுந்தால், கடைசி இரண்டு மூன்று வாரம் பிரசவம் நடக்கும் ஊரிலேயே போய்த் தங்கிவிடுவதுதான் இங்கே விவரம் தெரிந்தவர்கள் செய்வது. அந்தச் செலவையும், மூத்த குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். துணைக்கு அம்மாவோ மாமியாரோ வருவதாக இருந்தால் அவர்களுக்கு விசா நேர்காணல் தேதி கிடைக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை மாநிலத்தில் கிடையாது. மிகத் தீவிரமான விபத்துக் காயங்களுக்கான முதல் நிலை டிராமா மையமும் இல்லை. தீவிரமான எதற்கும் டென்வர் பக்கமோ சால்ட் லேக் சிட்டியோ போகவேண்டும், வடக்கே இருந்தால் மொன்டானாவின் பில்லிங்ஸ். ஆகவே காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளூர் மருத்துவமனை அதன் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டியலில், இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அது எப்படியும் இருக்கும். டென்வர் அல்லது சால்ட் லேக் குழந்தை மருத்துவமனை இருக்கிறதா என்று பாருங்கள். ஹெலிகாப்டர், விமான ஆம்புலன்ஸ் பற்றி இணையத்தில் பயமுறுத்தும் பழைய கதைகள் நிறைய உண்டு. 2022 ஜனவரி முதல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள விமான ஆம்புலன்ஸ் மிச்சத் தொகையை உங்கள் தலையில் கட்டுவதைத் தடுக்கிறது. தரைவழி ஆம்புலன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்து உங்கள் வேலை. நீங்கள் ஜே-2-வில், அதாவது ஜே-1-காரரின் துணைவர் விசாவில், வேலை அனுமதி வாங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தால், கணவர் ஹெச்-1பி வேலை விசாவுக்கு மாறும்போது நீங்கள் அதன் துணைவர் விசாவான ஹெச்-4 ஆகிவிடுவீர்கள், அந்த அனுமதி போய்விடும். வீட்டிலிருந்தே செய்கிற வேலைதானே என்று தொடரக்கூடாது. இது பல பேருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் ஐந்து வருடம் பணிபுரிய ஒப்புக்கொள்ளும் மருத்துவர்களுக்கு, நிரந்தரக் குடியுரிமைக்கு (கிரீன் கார்டு) 'நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர்' வழி ஒன்று இருக்கிறது. அதில் வெய்வர் வேலையின் மூன்று வருடமும் சேரும். மாநில சுகாதாரத் துறையின் கடிதம் வேண்டும். அந்த வழியில் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அங்கீகரிக்கப்பட்டால் நீங்கள் ஹெச்-4-இல் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடத்துக்கு மேல் இருப்பதா என்ற முடிவும் இதில் அடங்கியிருப்பதால், கிளம்பும் முன்பே குடிவரவு வக்கீலிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். படிப்பதற்கு ஹெச்-4-இல் தடை இல்லை.

வீடு. ஊருக்குள், மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில், வாடகைக்கு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஐந்து ஏக்கர், நான்கு குதிரை, ஜன்னல் வழியே மலை என்று ஒரு ஆசை வந்துவிடும். ஊருக்கு வெளியே போனால் கிணற்றுத் தண்ணீர், செப்டிக் தொட்டி, புரோப்பேன் டேங்க், உங்கள் வீட்டு வழியில் நீங்களே பனி அள்ளுவது. ஆன்-கால் இருக்கும் (அழைத்தால் வரவேண்டிய முறையில் உள்ள) மருத்துவர் அழைத்த அரை மணிக்குள் வந்து சேரவேண்டும் என்பது இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் பொதுவான விதி, மக்கள் மிகக் குறைந்த பகுதிகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம். இரவு இரண்டு மணிக்குக் காரின் பாதி உயரத்துக்குப் பனி குவிந்த மண் சாலையில் அதை முயன்று பார்க்க வேண்டாம். சிறு ஊர்களில் வாடகை வீடுகள் விளம்பரத்துக்கே வராது. வாய்ப்பேச்சில் கைமாறிவிடும். மருத்துவமனை ஆட்சேர்ப்பு அலுவலரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பல இடங்களில் புது மருத்துவர்களுக்கென்று ஒரு தற்காலிக வீடு வைத்திருப்பார்கள்.

பிறகு நிலம் வாங்கத்தான் வாங்குவீர்கள் என்றால் மூன்றைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கீழே உள்ள கனிம உரிமை யாரிடம் இருக்கிறது? மேல்மண் உங்களுடையது, அடியில் உள்ள எண்ணெயும் வாயுவும் வேறொருவருடையது என்பது இங்கே சர்வ சாதாரணம், அவருக்கு அதை எடுக்க வழிவிட வேண்டியிருக்கும். கிணறு மாநிலப் பொறியாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா? இங்கே தண்ணீர் மாநிலத்தின் சொத்து, ஓடை உங்கள் நிலத்தில் ஓடுவதால் மட்டும் அது உங்களுடையது ஆகாது. வேலி இருக்கிறதா? பக்கத்துப் பண்ணையின் மாடு உங்கள் தோட்டத்தை மேய்ந்தால், வேலி போட்டிருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஜாக்சனையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மேலே சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள். அது கோடீஸ்வரர்களின் ஊர். அங்கே வேலை பார்ப்பவர்கள் பலர் மலை தாண்டி ஐடஹோவிலிருந்து வருகிறார்கள். 2024 ஜூனில் டீட்டன் கணவாய்ச் சாலை சரிந்தபோது அவர்கள் சில வாரங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கார் இரண்டு வேண்டும். ஒன்றை வைத்துச் சமாளிப்போம் என்று நினைக்காதீர்கள், பேருந்து கிடையாது. உங்களுக்கு ஓட்ட வராவிட்டால் நியூ ஜெர்சியிலேயே கற்று உரிமம் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான்கு சக்கர இழுவை நல்லது, அதைவிட நல்லது நான்கு குளிர்கால டயர்கள். இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்துவதும் திருப்புவதும் டயர் கையில். மின்சாரக் காரை ஊருக்குள் ஓட்டலாம். ஐ-80-ஐ விட்டு விலகினால் சார்ஜர்கள் அரிது, குளிரும் எதிர்காற்றும் சேர்ந்து ரேஞ்சைத் தின்றுவிடும்.

குளிர்காலத்தில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டிக்கியில் ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக், மண்வாரி, தண்ணீர், கொறிக்க ஏதாவது, டார்ச், குழந்தைக்கு டயப்பர் தேவையென்றால் அதுவும். மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக்கூடாது. அவ்வப்போது என்ஜினை ஓட்டிச் சூடுபடுத்தலாம், ஆனால் அதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை அகற்றவேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். ஐபோன் 14-ம் அதற்குப் பிந்தையவையும் சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும். பழைய போன் என்றால் மாற்ற இது ஒரு நல்ல சாக்கு.

விடியலிலும் அந்தியிலும் மானும், மான் போன்ற பிராங்ஹார்னும் சாலையில் நிற்கும். குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராக பிரேக் போடுங்கள், வெட்டினால் வண்டி உருளும். விலங்கு மோதலும் ஆலங்கட்டிச் சேதமும் காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' பிரிவில்தான் வரும். பணம் மிச்சம் என்று அதை எடுக்காமல் விடாதீர்கள்.

காரின் காகித வேலை இரண்டு மேசைகளில். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கவுன்ட்டி கிளார்க்கிடம், நம்பர் பிளேட் கவுன்ட்டி கருவூலரிடம். வெளிமாநில டைட்டில் என்றால் முதலில் போலீஸ் அல்லது ஷெரிஃப் ஆள் வந்து வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை (வின்) சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவுக் கட்டணம் உங்களைத் திடுக்கிட வைக்கும். தொழிற்சாலை விலையையும் வண்டியின் வயதையும் வைத்துப் போடுவார்கள், புது வண்டிக்கு சில நூறு டாலர் ஆகும். மாநில வருமான வரி இல்லை, மளிகைக்கு விற்பனை வரி இல்லை, அதனால் வருடக் கணக்கில் உங்களுக்கு லாபமே. பிளேட்டின் முதல் எண் கவுன்ட்டியின் எண். 1 என்றால் கேஸ்பர் இருக்கும் நட்ரோனா, 22 என்றால் ஜாக்சன்காரர். எதிரே வருகிறவர் எந்த ஊர் என்று பிளேட்டைப் பார்த்தே பேசுவார்கள். இன்னொன்று, லாரமி நகரம் லாரமி கவுன்ட்டியில் இல்லை, ஆல்பனி கவுன்ட்டியில் இருக்கிறது. அரசு அலுவலகத்தைத் தேடும்போது நினைவிருக்கட்டும்.

முகவரி. சிறு ஊர்கள் பலவற்றில் தபால் வீட்டுக்கு வராது, தபால் நிலையத்தில் பெட்டி எடுக்கவேண்டும். கூரியர் நிறுவனங்களோ அந்தப் பெட்டிக்குக் கொண்டுவர மாட்டார்கள். குடிவரவுத் துறைக் கடிதங்கள் எந்த முகவரிக்கு வருகின்றன என்பதில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும், திரும்பிப் போய்விட்டால் பெரிய தலைவலி.

சமையலறையில் ஒரு மாற்றம் வரும். லாரமி உயரத்தில், அதாவது சுமார் 7,200 அடியில், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேகவே வேகாது. குக்கரை மறக்காமல் எடுத்து வாருங்கள், வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள். காற்று மிகவும் வறண்டது, குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பதற வேண்டாம், படுக்கை அறையில் ஹ்யூமிடிஃபையர் வையுங்கள். நம் மளிகைக்கு டென்வர் பக்கம் போகவேண்டும், மேற்கே இருந்தால் சால்ட் லேக். கோவிலும் அந்தப் பக்கம்தான், சால்ட் லேக்கை ஒட்டி சவுத் ஜோர்டனில் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது. அக்டோபருக்குள் ஒரு பெரிய சுற்று போய் அரிசி, பருப்பு, புளியெல்லாம் ஏப்ரல் வரைக்கும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

தனிமை பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கணவருக்கு அது இருக்காது, அவருக்குத் தனியாக இருக்க நேரமே கிடைக்காது. ஊரில் ஆறேழு மருத்துவர்கள்தான் என்றால், பால் வாங்கப் போன இடத்தில் முழங்காலைக் காட்டி விசாரிப்பார்கள். சிரமம் உங்களுக்குத்தான், அதுவும் வேலை அனுமதி இல்லாத முதல் குளிர்காலத்தில். கவுன்ட்டி நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை நேரம் இருக்கும், முதல் வாரமே போங்கள். பிரீ-ஸ்கூல் இடம் மாதக்கணக்கில் காத்திருப்பில் இருக்கும், இன்றே போன் செய்து பெயர் கொடுங்கள். மண் சாலையில் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள். உதவி என்று கேட்டால் இவர்கள் ஓடி வருவார்கள். கேட்காவிட்டால் உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒதுங்கி நிற்பார்கள். அதைப் பாராமுகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துப்பாக்கி பற்றியும் சொல்லவேண்டும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். குழந்தை இன்னொரு வீட்டுக்கு விளையாடப் போகும்போது, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பதில் தவறில்லை, யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் சக மருத்துவர்கள் அன்பாகச் சுடப் பழக அழைத்தால் உங்கள் கணவர் யோசிக்க வேண்டும். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.

கடைசியாக, பயணம். ஜூலை நல்ல மாதம், சாலைகள் திறந்திருக்கும். ஆனால் மாதத்தின் கடைசிப் பத்து நாள் ஷயானில் ஃபிரான்டியர் டேஸ் திருவிழா, 1897-இலிருந்து நடக்கும் ரோடியோ. அப்போது ஊரில் ஹோட்டல் அறை கிடைக்காது, கிடைத்தால் விலையைக் கேட்டு மயக்கம் வரும். அந்த நாட்களில் வருவதாக இருந்தால் ஷயானுக்கு 100 மைல் முன்னாலேயே, நெப்ராஸ்காவின் சிட்னியில் இரவு தங்கிவிட்டுக் காலையில் மாநிலத்துக்குள் நுழையுங்கள்.